கோதுமையின் பின்னே நகரும் சமையலறை: 83ஆம் எண் நெடுஞ்சாலைப் பயணம்

வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் கோதுமை எங்கும் ஒரே வேளையில் முற்றுவதில்லை. இலையுதிர்காலத்தில் விதைக்கப்பட்டு, பனிக்காலத்தை மண்ணிலேயே கழித்து, அடுத்த கோடையில் கதிர் முற்றும் குளிர்காலக் கோதுமை டெக்சாஸின் வடபகுதியில் மே மாதக் கடைசியிலும், ஓக்லஹோமாவில் ஜூன் தொடக்கத்திலும், கான்சாஸில் ஜூன் நடுவிலும் கடைசியிலும், நெப்ராஸ்காவில் ஜூலையிலும், தெற்கு டகோட்டாவில் ஜூலை முடிவிலுமாகப் படிப்படியாக வடக்கே முற்றிக்கொண்டு போக, அதற்கும் அப்பால் வடக்கு டகோட்டாவில் வசந்தத்தில் விதைத்த கோதுமை ஆகஸ்டில்தான் அறுவடைக்கு வருகிறது. சொந்தமாக அறுவடை இயந்திரங்களை வைத்துக்கொண்டு, ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசி, பயிர் முற்றுகிற வரிசையிலேயே ஊர் ஊராக வடக்கு நோக்கிச் செல்லும் குழுக்கள் இங்கே பல தலைமுறைகளாக இயங்கி வருகின்றன. காவிரிப் படுகையின் சம்பா அறுவடைக்கு வெளி மாவட்டங்களிலிருந்து இயந்திரங்களோடு வந்திறங்கும் ஆட்களைக் கண்ட தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. ஆனால் தன் சமையலறையையும், சில வாரங்களுக்கு வேண்டிய சமைத்த உணவை உறையவைத்த பெட்டியையும் குழு தன்னோடு இழுத்துச் செல்கிறது என்பது புதிதாக இருக்கலாம்.

இந்த நகர்வைத் தொடர்ந்து பார்க்க விரும்புபவருக்கு 83ஆம் எண் நெடுஞ்சாலையைவிடப் பொருத்தமான வழி இல்லை. மெக்சிகோ எல்லையிலுள்ள பிரவுன்ஸ்வில் நகரில் தொடங்கும் இச்சாலை, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பெரும்பாலும் வடக்காகச் சென்று ஆறு மாநிலங்களைக் கடந்து, கனடா எல்லையருகே வெஸ்ட்ஹோப் என்னும் சிற்றூரைத் தாண்டி முடிகிறது. சுற்றுலாக் கையேடுகள் இச்சாலைக்குப் பெரிதாக இடம் கொடுப்பதில்லை. மலையோ கடலோ கண்ணில் படாத வழி இது. அவற்றுக்குப் பதிலாகத் தொலைவில் முதலில் தெரிபவை எலிவேட்டர்கள், அதாவது லாரிகளில் வரும் தானியத்தை எடைபோட்டு, ஈரம் பார்த்து, மேலே தூக்கிச் சேமிக்கும் உயர்ந்த கான்கிரீட் கிடங்குகள். ஒவ்வொரு ஊரும் தன் எலிவேட்டருக்குக் கீழேதான் அமைந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கோடையில் இச்சாலையில் செல்பவர் இன்னொன்றையும் காண்பார்: தாழ்ந்த இழுவண்டிகளில் ஏற்றப்பட்டுச் சாலையின் அகலத்தை ஏறக்குறைய முழுவதும் அடைத்துக்கொண்டு மெதுவாகச் செல்லும் அறுவடை இயந்திரங்கள், அவற்றின் பின்னே தானிய லாரிகள், கடைசியாகக் கேம்பர் எனப்படும் இழுவை வீடுகள். சமையலறை அந்தக் கடைசி வண்டிகளில் ஒன்றில் இருக்கிறது.

அறுவடை நாளின் போக்கு தெரியாமல் அதன் சமையலைப் புரிந்துகொள்ள இயலாது. தானியத்தின் ஈரப்பதம் 13.5 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் எலிவேட்டர் அதை விலை குறைத்தே வாங்கும், அல்லது திருப்பி அனுப்பிவிடும். எனவே இரவில் இறங்கிய பனி உலர்ந்து வைக்கோல் மொறுமொறுப்பாகும் முற்பகல் வரையிலான நேரம் இயந்திரங்களின் பழுதுபார்ப்பிலும் எண்ணெய் இடுவதிலும் கழிகிறது. ஒருமுறை ஓடத் தொடங்கிய பிறகோ, நள்ளிரவை ஒட்டி வைக்கோல் மீண்டும் பதமடையும் வரை யாரும் நிறுத்த விரும்புவதில்லை. முற்றிய கோதுமைக்கு ஆலங்கட்டி மழையைப் போன்ற பகை வேறில்லை, அதன் வருகையைக் கணிப்பதும் எளிதன்று. இயந்திர ஓட்டுநர்கள், வயலுக்குள்ளேயே இயந்திரத்திலிருந்து தானியத்தை வாங்கி லாரிக்கு மாற்றும் வண்டியை ஓட்டுபவர், எலிவேட்டருக்கும் வயலுக்கும் இடையே ஓயாது ஓடும் லாரி ஓட்டுநர்கள் என்று எட்டுப் பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நண்பகலில் கையில் பிடித்து உண்ணத்தக்க பொட்டலமும், மாலை ஏழு எட்டு மணிக்கு வயலின் ஓரத்திலேயே சூடான முழு உணவும் போய்ச் சேர வேண்டும். எந்த வயல், எத்தனை மணி, எத்தனை பேர் என்பவை மாலை வரை மாறிக்கொண்டே இருக்கும். இயந்திரத்துக்கு ஒரு உதிரிப் பாகம் தேவைப்பட்டால், நூறு கிலோமீட்டர் ஓடிப்போய் அதை வாங்கி வருபவரும் பெரும்பாலும் சமையல் பொறுப்பிலிருப்பவரே. இத்தகைய நாளில் காய் நறுக்கித் தொடங்கும் சமையல் நடவாது. சமையல் முன்பே, வேறொரு பருவத்தில், வேறோர் ஊரில் முடிந்திருக்க வேண்டும்.

டெக்சாஸின் வடகோடியில் பெரிட்டன் என்னும் ஊர், நாட்டின் கோதுமை இதயம் என்று பொருள்படும் பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டிருக்கிறது. இப்பகுதியிலிருந்து வடக்கே உள்ள பரப்பு முழுவதும் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு முறையில் அறுவடையானது. அப்போது அறுப்பது ஓர் இயந்திரம், கதிரடிப்பது இன்னோர் இயந்திரம். நீராவியால் இயங்கிய கதிரடி இயந்திரம் ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்கு நகர, அக்கம்பக்கத்து உழவர்கள் ஒருவருக்கொருவர் முறைவைத்து உழைத்துக்கொடுத்தனர். இருபது பேரும் அதற்கு மேலும் சேர்ந்த அந்தக் கூட்டத்துக்கு இயந்திரம் எந்தப் பண்ணையில் நிற்கிறதோ அந்த வீட்டுப் பெண்களே, சுற்றியுள்ள வீட்டுப் பெண்களின் துணையோடு சமைத்தார்கள். காலை உணவு, முற்பகல் சிற்றுண்டி, நண்பகல் பேருணவு, பிற்பகல் சிற்றுண்டி, இரவு உணவு என்று ஒரு நாளைக்கு ஐந்து முறை பரிமாறியது அக்காலத்து வழக்கம். வடக்கு டகோட்டாவின் மாபெரும் பண்ணைகளில் அண்டை வீடுகளே இல்லாததால், சக்கரங்கள் மேல் அமைந்த சமையல் வண்டியொன்று கதிரடி இயந்திரத்தின் பின்னாலேயே இழுத்துச் செல்லப்பட்டது; இரண்டு பெண்கள் விறகடுப்பில் விடியலுக்கு முன்னரே ரொட்டி சுடத் தொடங்குவார்கள். இன்றைய கேம்பர் சமையலறையின் நேரடி முன்னோடி அந்த வண்டிதான்.

அறுப்பையும் கதிரடிப்பையும் ஒன்றாகச் செய்யும் இயந்திரம் 1920களின் பிற்பகுதியில் கான்சாஸ் வயல்களில் பரவியபோது இருபது பேர் செய்த வேலை மூன்று நான்கு பேரின் வேலையாயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது ஆட்களும் இரும்பும் ஒருசேரத் தட்டுப்பட்ட நிலையில், மாசி-ஹாரிஸ் நிறுவனம் தானாக ஓடும் 500 அறுவடை இயந்திரங்களைக் கூடுதலாகச் செய்ய அரசிடம் அனுமதி பெற்று, அவற்றை வாங்குபவர்கள் தெற்கிலிருந்து வடக்காக அறுத்துக்கொண்டே செல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு 1944இல் விற்றது. அறுவடைப் படை என்று அந்நிறுவனம் பெயரிட்ட அந்த அணி அவ்வாண்டில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் அறுத்தது. கூலிக்கு அறுக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்ததெனினும், அது ஒரு தொழிலாக நிலைபெற்றது இந்த நிகழ்வுக்குப் பிறகே. வரலாற்று நூல்கள் இயந்திரங்களையும் ஏக்கர்களையும் எண்ணிச் சொல்லும் அளவுக்கு உணவை எண்ணிச் சொல்வதில்லை. ஊரைவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும் குழுவுக்கு அண்டை வீட்டுப் பெண்கள் கிடையாது என்பதும், பத்து வீட்டார் பகிர்ந்துகொண்ட சமையல் ஒரே பெண்ணின் தோளில் இறங்கிற்று என்பதும் இந்த மாற்றத்தின் மறுபக்கம். அந்தப் பெண் பெரும்பாலும் இயந்திரச் சொந்தக்காரரின் மனைவி அல்லது தாய்.

ஓக்லஹோமாவின் குறுகிய மேற்குக் கைப்பிடிப் பகுதியை ஒரு மணி நேரத்துக்குள் கடந்து கான்சாஸில் நுழைந்ததும் வருவது லிபரல். ஆண்டுதோறும் பெண்கள் கையில் தோசைக்கல் போன்ற சட்டியும் அதில் ஒரு பேன்கேக்குமாக ஓடும் பந்தயத்தால் பெயர்பெற்ற இவ்வூரைத் தாண்டினால், அடுத்த பெரிய ஊரான கார்டன் சிட்டியை அடையுமுன் காற்றே செய்தி சொல்லிவிடுகிறது. பல்லாயிரம் மாடுகளை அடைத்துத் தீனியிட்டுக் கொழுக்கவைக்கும் பட்டிகளும், பெரிய இறைச்சித் தொழிற்சாலைகளும் இங்கே உள்ளன. ஆகவே அறுவடைக் குழுவின் உறைபெட்டியில் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது அரைத்த மாட்டிறைச்சி என்பதில் வியப்பில்லை. பத்துக் கிலோ இறைச்சியை ஒரே நாளில் வெங்காயத்தோடு வதக்கி, கொழுப்பை வடித்து, ஒன்றரைக் கிலோ அளவாகப் பைகளில் இட்டு, பைகளைப் புத்தகம் போலத் தட்டையாக அழுத்தி உறையவைக்கிறார்கள். தட்டையான பை அடுக்குவதற்கு வசதி என்பதோடு, உருண்டையான கட்டி குளிர்பதனப் பெட்டியில் இளக ஒரு முழு நாள் எடுக்க, தட்டையான பை சில மணி நேரத்தில் இளகிவிடும் என்பதே முதன்மையான காரணம். இந்த ஒரே இறைச்சி ஒரு நாள் பீன்ஸும் தக்காளியும் மிளகாய்த்தூளும் சேர்ந்த சில்லி என்னும் கெட்டிக் குழம்பாகிறது, மறுநாள் இனிப்பும் புளிப்புமான தக்காளிச் சாற்றில் வெந்து பன்னுக்குள் போகிறது, மூன்றாம் நாள் பாலாடைக்கட்டியோடும் நூடுல்ஸோடும் அடுக்கப்பட்டு அடுப்பில் சுட்ட காசரோலாகிறது.

உறையவைப்பதைவிட, அதற்கு முன் ஆறவைப்பதே கவனம் வேண்டும் கட்டம். 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் பாக்டீரியாக்கள் விரைவாகப் பெருகும். அவற்றுள் குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் இனத்தின் வித்துக்கள் கொதியிலும் சாகாமல் தப்பி, பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும்போது மீண்டும் முளைத்துவிடும். இருபது லிட்டர் சில்லியை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே மூடி வைத்தால், ஓரம் ஆறியிருக்கும் வேளையில் நடு இன்னும் சுடும். இதனால்தான் உணவுப் பாதுகாப்பு விதிகள் 60 பாகையிலிருந்து 21 பாகைக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அதிலிருந்து 5 பாகைக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறக்க வேண்டும் என்கின்றன. அனுபவமுள்ளவர்கள் குழம்பை இரண்டங்குல ஆழத்துக்கு மேற்படாத அகலத் தட்டுகளில் ஊற்றி, அத்தட்டுகளைப் பனிக்கட்டி நீரில் நிறுத்திக் கிளறுகிறார்கள். அதன் பிறகே உறைபெட்டி. உறைதல் கிருமிகளைக் கொல்வதில்லை, நிறுத்தி மட்டும் வைக்கிறது. அதனால் திரும்பச் சூடாக்கும்போது உணவின் நடுப்பகுதி 74 பாகையை எட்ட வேண்டும் என்பதும், அதைக் கண்ணால் மதிப்பிடாமல் வெப்பமானியால் குத்திப் பார்க்க வேண்டும் என்பதும் அந்த விதிகளின் தொடர்ச்சி.

கார்டன் சிட்டிக்கு வடக்கே ஸ்காட் சிட்டியையும் ஓக்லியையும் அடைந்து, அங்கிருந்து நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே ஒன்றரை மணி நேரம் விலகிச் சென்றால் ஹேஸ் நகரைச் சுற்றி ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையிலிருந்து 1876இல் வந்து குடியேறிய ஜெர்மானியக் கத்தோலிக்கர்களின் ஊர்கள் உள்ளன. இவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, கருங்கடல் பகுதியிலிருந்து மத்திய கான்சாஸுக்கு வந்த மெனனைட் சமயத்தார் துருக்கிச் சிவப்பு என்னும் குளிர்காலக் கோதுமை விதையைக் கொண்டுவந்தனர். கான்சாஸ் கோதுமை நாடானது அவ்விதையின் வழியே. இந்த இரு மக்களும் தந்த இன்னொரு கொடை பீராக். புளிக்கவைத்த பால்மாவுக்குள் அரைத்த இறைச்சியும் முட்டைக்கோசும் வெங்காயமும் வைத்து மூடிச் சுட்ட உருண்டை ரொட்டியான இதை, வயலில் உண்பதற்கென்றே கண்டுபிடித்ததோ என எண்ணத் தோன்றும்: தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், ஒரு கை திசைமாற்றியில் இருக்க மறு கையால் உண்டு முடிக்கலாம்.

பீராக் செய்யும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ் வதங்கும்போது நிறைய நீர் விடும். அந்த நீர் முழுவதும் வற்றி, சட்டியின் அடியில் கொழுப்பு மட்டும் பளபளக்கும் வரை கிளறாவிட்டால், பின்னால் உறைந்து இளகும்போது அந்த நீரே வெளிவந்து ரொட்டியின் அடியைக் கூழாக்கிவிடும். பூரணத்தை முழுக்க ஆறவிடுகிறார்கள். சூடான பூரணம் மாவிலுள்ள ஈஸ்ட்டைக் கண்டபடி பொங்கவைத்து ஓட்டை விழச் செய்யும். மாவைச் சதுரங்களாக வெட்டி, நடுவில் ஒரு பிடி பூரணம் வைத்து, நான்கு மூலைகளையும் மேலே கூட்டிக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழே போகக் கவிழ்த்து, சற்று உப்பவிட்டு, மேலே வெண்ணெய் தடவி, 180 பாகைச் சூட்டில் பொன்னிறமாகும் வரை சுடுகிறார்கள். நன்கு ஆறியபின் ஒன்றோடொன்று தொடாமல் தட்டில் பரப்பி மூடாமல் உறையவைத்து, கல்லாக இறுகிய பிறகே பையில் கொட்டுவது முறை. நேராகப் பையில் இட்டால் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, நான்கு பேருக்கு வேண்டிய வேளையில் நாற்பதையும் இளக்க வேண்டி வரும். பயன்படுத்தும் நாளன்று அலுமினியத் தாளில் தனித்தனியே சுற்றிச் சூடாக்கி, துண்டுகள் விரித்த பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி வயலுக்கு எடுத்துச் செல்கிறார்கள். குளிரைக் காப்பதற்காகச் செய்த அந்தப் பெட்டி சூட்டையும் அதே திறத்தோடு காக்கும். பனிக்கட்டி இல்லாத நேரத்தில் அது வெப்பப்பெட்டி.

இந்தச் சமையலுக்கு அடித்தளமான விரைவு உறைபதனம் அமெரிக்கர் ஒருவரின் முயற்சி. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, 1910களில் கனடாவின் லாப்ரடோர் கரையில் தங்கியிருந்தபோது, கடுங்குளிர்க் காற்றில் பிடித்தவுடன் உறைந்துவிடும் மீன் பல வாரங்களுக்குப் பிறகு சமைத்தாலும் புதுமை கெடாதிருப்பதைக் கவனித்தார். மெதுவாக உறையும்போது நீர் பெரிய படிகங்களாக வளர்ந்து உயிரணுச் சவ்வுகளைக் கிழிக்கிறது, விரைவாக உறையும்போது படிகங்கள் சிறியனவாக நின்றுவிடுகின்றன என்பதே அதன் காரணம். அவர் முறையில் உறைந்த உணவுகள் 1930இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. ஆனால் நகரத்துக் கடைக்கும் சமவெளிப் பண்ணைக்கும் இடையே மின்சாரம் என்னும் தடை நின்றது. 1930களின் நடுவில் பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்கே மின் இணைப்பு இருந்தது. ரூஸ்வெல்ட் அரசு 1935இல் ஊரக மின்மயமாக்க நிர்வாகத்தை நிறுவி, உழவர் கூட்டுறவுகளுக்குக் கடன் கொடுத்துக் கம்பி இழுக்கச் செய்த பிறகே நிலை மாறியது. இடைக்காலத்தில் சிற்றூர்களில் உறைபேழை நிலையங்கள் இயங்கின: ஊருக்குப் பொதுவான ஒரு குளிர்க்கட்டடம், அதற்குள் வங்கிப் பெட்டகம் போலச் சாவியோடு கூடிய இழுப்பறைகள், ஆண்டு வாடகை செலுத்தி ஒவ்வொரு குடும்பமும் தன் இறைச்சியை அதில் வைத்துக்கொள்ளும். மேல்மூடி திறக்கும் வீட்டு உறைபெட்டி போருக்குப் பின் பரவியதும் அந்த நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மின்கம்பி வந்த அதே ஆண்டுகளில்தான் கூலி அறுவடையும் தொழிலாக வளர்ந்தது என்பதை இணைத்துப் பார்த்தால், அண்டை வீட்டாரின் இடத்தை உறைபெட்டி எடுத்துக்கொண்டது தெளிவாகும்.

எல்லா உணவும் உறைதலைத் தாங்குவதில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கு இளகியபின் மணல்போல் நறநறக்கும், கடின வேகலான முட்டையின் வெண்கரு ரப்பராகும், மாவும் பாலும் கொண்டு கெட்டியாக்கிய வெண்குழம்பு நீர் வேறு கட்டி வேறாகப் பிரியும், முழுக்க வெந்த நூடுல்ஸ் கூழாகும். நூடுல்ஸை முக்கால் வேக்காட்டில் வடிப்பது, பாலாடையைச் சூடாக்கும் நாளில் சேர்ப்பது, குழம்பை மாவுக்குப் பதில் தக்காளியால் கெட்டியாக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் சமையலறைகள் மாற்று கண்டிருக்கின்றன. உருளைக்கிழங்குக்கு மாற்று தொழிற்சாலையிலிருந்து வந்தது. துருவி, பாதி வேகவைத்து, சிறு உருளைகளாக்கிப் பொரித்து உறையவைத்து 1950களில் ஓர்-ஐடா நிறுவனம் அறிமுகப்படுத்திய டேட்டர் டாட் என்னும் பண்டத்தை, இறைச்சிக் காசரோலின் மேல் வரிசையாக அடுக்கிச் சுடுவது வடக்குச் சமவெளியின் ஏறக்குறைய அதிகாரபூர்வ உணவு. பாத்திரங்களுக்கான தந்திரமும் எளியது: காசரோல் தட்டில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் உணவை அடுக்கி உறையவைத்து, இறுகியதும் தாளோடு கட்டியாகத் தூக்கிச் சுற்றி வைத்துவிட்டால் தட்டு அடுத்த உணவுக்கு விடுதலையாகும், உண்ணும் நாளில் தாளை உரித்து அதே தட்டில் வைத்தால் அளவாகப் பொருந்தும். சுற்றியதன் மேல் பெயரும் தேதியும் எத்தனை பேருக்கு என்பதும் எழுதிய ஒட்டுநாடா இல்லாவிட்டால், இரண்டு வாரம் கழித்து எது இறைச்சி, எது ஆப்பிள் என்று யாராலும் சொல்ல இயலாது.

நெப்ராஸ்காவில் மக்குக் நகரைக் கடந்து பிளாட் ஆற்றின் கரையை அடையும் சாலை நார்த் பிளாட் நகருக்குள் நுழைகிறது. உலகின் மிகப் பெரிய ரயில் பெட்டி வரிசைப்படுத்தும் முற்றம் இங்கிருக்கிறது. ஆனால் இக்கட்டுரையின் பொருளுக்கு முதன்மையானது, இன்று இல்லாத ஒரு ரயில் நிலையம். 1941 கிறிஸ்துமஸ் நாளிலிருந்து 1946 ஏப்ரல் வரை, போருக்குச் செல்லும் வீரர்களின் ரயில்கள் நீர் பிடிக்க நின்ற பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள், இந்நகரமும் சுற்றியுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களும் முறைவைத்து அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட படையினருக்கு சாண்ட்விச்சும் காப்பியும் கேக்கும் இலவசமாகக் கொடுத்தன. பங்கீட்டுக் காலமாதலால் முட்டையும் சர்க்கரையும் வீடுகளிலிருந்தே வந்தன. வயல்களில் சுட்டு வீழ்த்திய காட்டுக்கோழி சாண்ட்விச்சின் இறைச்சியாயிற்று. உறைபெட்டி இல்லாமல், ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் நம்பி நடந்த ஏற்பாடு அது. கதிரடிக் கூட்டத்துக்குப் பத்து வீடுகள் சேர்ந்து சமைத்த பழக்கம் இல்லாத ஒரு நாட்டுப்புறத்தால் இதைச் செய்திருக்க முடியுமா என்பது ஐயமே.

வடக்கே தொடர்ந்தால் மணற்குன்றுகள். புல் மூடிய மணல்மேடுகள் வாலன்டைன் நகர் வரை அலையலையாக நீளும் இப்பகுதியில் உழவு இல்லை, மாடு மட்டுமே உண்டு. அறுவடைக் குழுக்கள் இதை நிற்காமல் கடக்கின்றன. அந்த நாளில் உறைபெட்டிக்கு மின்சாரம் கிடையாது. நிரம்பிய உறைபெட்டி மூடியைத் திறவாமல் வைத்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் உறைநிலையைக் காக்கும் என்பதால், நகரும் நாளுக்கு முன் காலியிடத்தை நீர் நிரப்பிய பாட்டில்களால் அடைத்து உறையவைத்துவிடுகிறார்கள். அந்த நீரே பின்னர் வயலில் குடிநீராகிறது. மணற்குன்றுப் பண்ணைகளில் வசந்தத்தில் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி இடும் நாளில் மட்டும் பழைய முறை அப்படியே நீடிக்கிறது: அண்டைப் பண்ணைக்காரர்கள் குதிரையோடு வந்து உழைத்துக்கொடுக்க, அந்த வீட்டார் பேருணவு படைக்கிறார்கள், அடுத்த வாரம் முறை மாறுகிறது. அண்டை வீடுகள் இடம்பெயராத தொழிலில் உறைபெட்டிக்குத் துணைப்பாத்திரம்தான்.

மிசௌரி ஆற்றங்கரையில் உள்ள தெற்கு டகோட்டாத் தலைநகர் பியருக்கு வடக்கே கோதுமை மறுபடி தொடங்குகிறது. மழை பெய்யும் நாள் இங்கே குழுவுக்கு ஓய்வு, சமையலறைக்கு உழைப்பு. இயந்திரங்கள் நிற்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான் காலியான உறைபெட்டியை மீண்டும் நிரப்ப இயலும். இன்னும் வடக்கே, வடக்கு டகோட்டாவின் ஸ்டிராஸ்பர்க், லின்டன் ஊர்களில் கருங்கடல் ஜெர்மானியரின் வழிவந்தோர் நெஃப்லா என்னும் சூப்பைச் சமைக்கிறார்கள்: உருளைக்கிழங்கும் பாலாடையும் கலந்த குழம்பில் கிள்ளிப்போட்ட மாவுத்துண்டுகள். உறைதலுக்கு ஒவ்வாத இரண்டும் இதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. எனவே மாவுத்துண்டுகளை மட்டும் வேகாத நிலையில் உறையவைத்து, குழம்பை அன்றன்றைக்கு வைப்பது இங்கே கண்ட தீர்வு.

இன்றைய குழுக்களில் அமெரிக்கர் மட்டும் இருப்பதில்லை. தென்னாப்பிரிக்கா, அயர்லாந்து, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பண்ணை இளைஞர்கள் பருவத்தொழிலாளர் விசாவில் வருகிறார்கள். அவ்விசாவின் விதிகள், முதலாளி நாளுக்கு மூன்று வேளை உணவு அளிக்க வேண்டும், அல்லது தாமே சமைத்துக்கொள்ளக் கட்டணமில்லாத வசதி செய்து தர வேண்டும் என்கின்றன. பதினாறு மணி நேரம் இயந்திரத்தில் இருப்பவர் தாமே சமைப்பது நடவாத காரியமாகையால் பெரும்பாலான முதலாளிகள் முதல் வழியையே தேர்கிறார்கள். உழவரிடம் கொடுக்கும் கூலிச்சீட்டில் மரபாக மூன்று கணக்குகள் இருக்கும்: ஏக்கருக்கு ஒரு தொகை, ஏக்கருக்கு 20 புஷலுக்கு மேல் விளைந்த ஒவ்வொரு புஷலுக்கும், அதாவது ஏறத்தாழ 27 கிலோ கோதுமைக்கும், ஒரு தொகை, லாரிச் சுமைக்கு ஒரு தொகை. சமையல் அந்த மூன்றில் எதிலும் தனியாகக் காணப்படுவதில்லை. உறைபெட்டி வேலையைக் குறைத்தது என்று விற்பனையாளர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்; உண்மையில் அது வேலையை ஜூனிலிருந்து மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் தள்ளிவைத்தது, அங்கே அதை எண்ணுபவர் யாருமில்லை.

மைனாட் நகருக்கு அப்பால் கனடா எல்லை வரை கோதுமை தீர்ந்ததும், இயந்திரங்களின் வெட்டுமுனையை மாற்றிக்கொண்டு, மக்காச்சோளமும் சூரியகாந்தியும் காத்திருக்கும் தெற்கு நோக்கிப் பல குழுக்கள் திரும்புகின்றன. அக்டோபர் இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும். குளிர்ந்த சாண்ட்விச்சை அப்போது யாரும் விரும்பமாட்டார்கள், சூப்பும் குழம்பும்தான் வேண்டும். அதனால் கோதுமையின் கடைசி வயல் அறுபட்டுக்கொண்டிருக்கும்போதே, கேம்பரின் அடுப்பில் அடுத்த பருவத்துக்கான சில்லி வேகத் தொடங்கிவிடுகிறது.